கொடுக்காப்புளியைச் சுற்றி ஒரு கோடு

இன்றைக்கும் எனக்குத் தெரியும் முன்பே இதற்குத் தெரிந்துவிட்டது. இத்தனைக்கும் காலையில் நன்றாகத்தான் எழுந்தேன். பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தது. வழியில் யாரும் முகம் கோணும்படி எதுவும் சொல்லவில்லை. அப்புறம் எதற்கு?

இப்படி நினைத்தபடி பூங்கோதை தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழைக்காலச் சுவரில் ஈரம் ஏறுவதுபோல், ஓரங்களிலிருந்து உள்நோக்கி அது கருத்துக்கொண்டிருந்தது. அவசரமாக விசைப்பலகையில் நாலு வரி தட்டினாள். வேகமாகத் தட்டினால் மனம் தெளிவாக இருப்பதாகத் திரை நம்பிவிடும் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. திரை நம்பவில்லை. மணி பதினொன்றரை ஆவதற்குள் முழுக்க இருட்டாகிவிட்டது.

முன்பெல்லாம் வெளிச்சத் தீம் வேண்டுமா இருட்டுத் தீம் வேண்டுமா என்பதை ஆட்களே தேர்ந்தெடுத்தார்கள். இப்போது திரையே முடிவு செய்தது. விரல் விழும் வேகம், கண் இமைக்கும் இடைவெளி, நாற்காலியில் உடம்பு சாய்ந்திருக்கும் விதம், இவற்றை வைத்து ஆள் சோர்ந்திருப்பது தெரிந்தால் தானாக இருட்டாகிக் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கும். மக்களுக்கு அது பிடித்துப்போனது. பிரச்சினை வந்தது ஐகான்களால்தான். கறுப்புக் கோட்டில் வரைந்த படம் இருட்டுத் திரையில் காணாமல் போய்விடும். கம்பெனி வரைந்த ஐகான்களுக்கு இரண்டு வடிவமும் இருந்தன. ஆட்கள் தாங்களே கிறுக்கி வைத்துக்கொண்ட படங்களுக்கு இல்லை. நிறத்தைத் திருப்பிப் போட்டால் அம்மாவின் கூந்தல் வெளுத்து, பல் கறுத்துவிடுகிறது. ஆகவே யாராவது உட்கார்ந்து கையால் ஒரு இருட்டு இணை வரைய வேண்டும்.

கோயம்புத்தூரில் அந்த வேலையைச் செய்த ஐந்து பேரில் பூங்கோதைதான் மூத்தவள். இரண்டு படங்களையும் பெரிய திரையில் பக்கம்பக்கமாகப் போட்டுவிட்டு, தண்ணீர் கேன் வரைக்கும் நடந்துபோய், கண்ணைப் பாதி மூடித் திரும்பிப் பார்ப்பாள். இரண்டும் ஒரே ஆளாகத் தெரிந்தால் வேலை முடிந்தது. தெரியாவிட்டால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி உட்காருவாள். அவள் அதிகம் தண்ணீர் குடிக்கும் நாளில் யாரும் பக்கத்தில் போக மாட்டார்கள்.

போன வருடம் இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. உறவுப் படம் என்று பெயர். ஒருவருடைய ஐகான் அவருக்கு வேண்டியவர்களின் திரைகளிலும் இருக்கும். அவர் மனம் இருண்டால் அங்கேயும் இருட்டு இணைக்கு மாறும். மகள் சென்னையில் சோர்ந்தால் ஈரோட்டில் அப்பாவின் திரையில் தெரியும்.

பூங்கோதையின் உறவுப் படம் ஒரு கொடுக்காப்புளி. கறுப்புக் கோட்டில் சுருண்டு கிடக்கும் ஒரு காய். கல்யாணமான புதிதில் குடிமங்கலம் சாலையோரத்தில் ஜீப்பின் மேல் ஏறி நின்று கணவன் மயில்சாமி பறித்துக் கொடுத்தது. அதற்கு மட்டும் அவள் இணை வரையவில்லை.

"அக்கா, உங்களுக்கு வெக்கமே இல்லையா?"

ரெஹானா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பூங்கோதையைவிட எட்டு வயது சின்னவள்; குழுவுக்குத் தலைவி.

"எதுக்கு?"

"ஊருக்கெல்லாம் இணை வரையறீங்க. எழுபத்திரண்டு பேர் இருக்கற ஆபீஸ்ல இணை இல்லாத ஒரே படம் உங்களுது."

"வரையலாம்னுதான் இருக்கேன்."

"ஒரு வருஷமா இருக்கீங்க." ரெஹானா இருண்ட திரையை ஒரு கணம் பார்த்தாள். "திங்கக்கிழமை புது வெர்ஷன் வெளிய போகுது. இனிமே இணை இல்லாத படத்துக்கு மெஷினே இணை போட்டுடும். உங்க காய் வெள்ளைப் புழு மாதிரி வரும், பாத்துக்குங்க."

"பழைய முறை என்ன ஆச்சு? இணை இல்லைன்னா சுத்தி ஒரு கோடு வருமே?"

"அந்தக் கோட்டைத்தான் எடுக்கப்போறோம். நீங்க எழுதின விதிதானே அது?"

ஆமாம், அவள் எழுதியதுதான். சேர்ந்த முதல் வருடம், இணை வரையாத படம் இருட்டுத் திரையில் தொலைந்துபோகாமல் இருக்க, அதைச் சுற்றி முடியளவு சாம்பல் கோடு ஒன்று போடச் சொல்லி எழுதியிருந்தாள். தன் திரையில் கொடுக்காப்புளியைச் சுற்றி அது இப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்துப் பார்த்து மறந்துபோன ஒன்று.

"புகார் வருதுக்கா. கீறல் விழுந்த மாதிரி இருக்காம். விதியை எடுக்கணும்னா எழுதினவங்க சம்மதிக்கணும், நம்ம வழக்கம் தெரியுமே. திங்கக்கிழமை அனுப்பறேன், சரின்னு ஒரு தட்டு தட்டிடுங்க."

"ரெஹானா, உனக்கு இருட்டாகறது வீட்ல தெரியறது பிடிச்சிருக்கா?"

"அத ஏன் கேக்கறீங்க! எனக்குப் பசிச்சாக்கூட இருட்டாயிடுது. எங்க மாமியார் உடனே போன் போட்டு, 'ஏம்மா, அவன் ஏதும் சொன்னானா?'ன்னு கேப்பாங்க. நோன்பு மாசம் பூரா எங்க வீட்டுக்காரருக்கு ஒரே திட்டு." சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா ஒரு நாள் அவர் நிஜமாவே சொன்னாரு. அன்னிக்கு மாமியார் போன் வந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சுக்கா."

அவள் எழுந்து போன கொஞ்ச நேரத்தில் கைபேசி அடித்தது. மயில்சாமி. உடுமலைப்பேட்டைக்கு அந்தப்புறம் காற்றாலைக் கட்டுப்பாட்டு அறையில் அவனுக்கு வேலை. திங்கள் காலை போனால் வெள்ளி மாலைதான் வீடு.

"அம்மிணி, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"இந்தப் பச்சைப் பட்டாணிய முந்தின நாளே ஊறப் போடோணுமா, காலைல போட்டாப் போதுமா?"

"பச்சைப் பட்டாணிய எதுக்குங்க ஊறப் போடறீங்க? காஞ்ச பட்டாணியத்தான் போடோணும்."

"அப்படியா? நல்லவேளை கேட்டேன். அப்பறம் இங்க டிரான்ஸ்பார்மர் மேல ஒரு மயிலு உக்காந்துட்டு எறங்கவே மாட்டேங்குது. எறங்கச் சொல்லி நாந்தான் பேசோணுமாம், ஒரே பேருங்கறதால. எல்லாம் சிரிக்கறாங்க."

அவளும் சிரித்துவிட்டாள். "பேசிப் பாருங்க. நீங்க சொன்னாக் கேக்கும்."

"நீயே கேக்கறதில்ல, மயிலு கேக்கப்போகுதா?"

பேசி முடித்துவிட்டுப் பார்த்தபோது திரையின் ஒரு மூலை வெளுத்திருந்தது.

கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆகியும் பட்டாணி ஊறப்போடத் தெரியாத மனிதன் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் இயந்திரம் என்றால் அவனைப்போல ஆள் கிடையாது. அவன் திரையில் நூற்று நாற்பது காற்றாலைகளுக்கும் ஒவ்வொரு ஐகான். ஒன்று சிவந்தால் அரைமணி நேரத்தில் ஜீப் கிளம்பிவிடும். "காரணம் என்ன?" என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி. காரணம் தெரியாமல் அவனால் சாப்பிட முடியாது.

அவளுடைய இருட்டுக்கோ காரணம் இல்லை. இருந்தால் சொல்லிவிடலாம். யாரும் இறக்கவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை உள்ளே யாரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவதுபோல இருக்கும். மாலையில் எழுந்து போவார்கள், சில சமயம் மூன்று நாள் கழித்து. கல்யாணமான இரண்டாம் வருடம் அவன் கேட்டுக்கேட்டு அவள் ஒரு காரணத்தை உண்டாக்கிச் சொன்னாள், தலைவலி என்று. மூன்று மருத்துவர்களிடம் அழைத்துப் போனான். அப்போது வாங்கிய மூக்குக்கண்ணாடி இன்னும் அலமாரி இழுப்பறையில் இருக்கிறது. இருட்டு இணை வரைந்துவிட்டால் அவனுடைய நூற்று நாற்பத்தொன்றாவது காற்றாலையாகிவிடுவோம் என்று அவளுக்குத் தோன்றியது. அன்பாகத்தான் வருவான். கையில் ஸ்பேனரோடு வருவான்.

வியாழக்கிழமை ஒரு பெண் அழைத்தாள். சுடர் என்று பெயர் சொன்னாள். சென்னையில் ஏதோ கல்லூரி விடுதியிலிருந்து பேசினாள்.

"அக்கா, அஞ்சு கால் யானைக்கு இருட்டுப் படம் வரைஞ்சது நீங்கதானா?"

பூங்கோதைக்கு உடனே நினைவு வந்தது. ஐந்து வயதில் அந்தப் பெண் வரைந்த யானை. ஈரோட்டிலிருந்து அவளுடைய அப்பா அனுப்பியிருந்தார். ஐந்தாவது காலைப் பிழை என்று நினைத்து மெஷின் இரண்டு முறை அழித்திருந்தது. பூங்கோதை அதைத் திரும்ப வைத்து, ஏழு டம்ளர் தண்ணீர் குடித்து முடித்துக் கொடுத்தாள்.

"நல்லா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்குக்கா. அதான் பிரச்சினை." சுடரின் குரலில் அழுகையும் சிரிப்பும் கலந்திருந்தன. "யானை கறுத்தா அப்பா உடனே போன். கிளாஸ்ல இருந்தாலும் போன், லேப்ல இருந்தாலும் போன். 'என்ன சாமி, யாரு என்ன சொன்னாங்க?' யாரும் ஒண்ணும் சொல்லலப்பான்னா நம்ப மாட்டேங்கறாரு. போன வாரம் பஸ் புடிச்சு வந்துட்டாரு. இப்ப நான் திரைக்கு முன்னாடி உக்காந்து சிரிச்சுப் பழகறேன்க்கா. கணக்கு வெச்சு கண்ண சிமிட்டறேன். எங்க ரூம்ல எல்லாரும் அப்படித்தான்."

பூங்கோதைக்கு, தண்ணீர் கேன் பக்கம் நின்று கண்ணைப் பாதி மூடிப் பார்த்தபோது இது தெரியவில்லையே என்று இருந்தது.

"அந்த இருட்டுப் படத்த எடுத்துட முடியுமாக்கா?"

"படம் உன்னுது. நீ சொன்னா எடுத்துடலாம்."

"அப்பா திரைல எப்படித் தெரியும்?"

"யானை எப்பவும் வெள்ளையா இருக்கும். அவ்வளவுதான் தெரியும்."

அப்படித்தான் அவள் நம்பினாள். ஒரு வருடமாகத் தன் விஷயத்திலும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை அவள் மேசையை விட்டு எழுந்தபோது திரை மறுபடி இருட்டாக இருந்தது. அந்த வாரம் மயில்சாமிக்கு விடுப்பு இல்லை. கூட வேலை செய்பவருக்குக் கல்யாணம். ஆகவே சனிக்கிழமை காலை பட்டாணிக் குருமாவும் சப்பாத்தியும் தூக்கு டப்பாவில் போட்டுக்கொண்டு அவளே உடுமலைக்குப் பேருந்து ஏறினாள். அவன் அலுவலகத்துக்கு அவள் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது.

மதிய வெயிலில் காற்றாலைகள் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கட்டுப்பாட்டு அறையில் நான்கு மேசைகள். மற்ற மூன்று திரைகளிலும் பின்னணியில் பழனி மலை, பச்சை வயல், யாருடைய குழந்தையோ. மயில்சாமியின் திரையில் மட்டும் ஒன்றுமில்லை. பழுப்பேறிய காகித நிறத்தில் வெறும் பரப்பு. மேலே வரிசையாக நூற்று நாற்பது காற்றாலைகள். கீழே வலது மூலையில், எதனோடும் ஒட்டாமல், தனியாக, கொடுக்காப்புளி.

"இதென்னங்க, சுண்ணாம்பு அடிக்காத சொவரு மாதிரி வெச்சிருக்கீங்க? ஒரு படம் போடக்கூடாதா?"

டப்பாவைத் திறந்துகொண்டே அவன் சொன்னான்: "படம் போட்டா அந்தக் கோடு தெரியறதில்ல."

"எந்தக் கோடு?"

"உன்ற காயச் சுத்தி வருமல்ல, அது."

அவள் குனிந்து பார்த்தாள். காயைச் சுற்றி முடியளவு சாம்பல் கோடு ஒன்று நின்றது. நேற்று மாலை மேசையை விட்டு எழுந்தபோது அவள் திரை அவளைக் கடைசியாக எப்படிக் கண்டதோ, அப்படியே.

ஆறு வருடங்களுக்கு முன் தன் திரைக்கென்று எழுதிய விதி, உறவுப் படம் வந்தபோது படத்தோடு கூடவே கிளம்பி எல்லோர் வீட்டுக்கும் போயிருக்கிறது. இணை இல்லாவிட்டால் கோடு. எந்தத் திரையானாலும் கோடு. எழுதியவளுக்கு அது தோன்றவே இல்லை.

முதலில் உடம்பு சுட்டது. குளித்து முடித்து வந்த பிறகு, கதவு தாழிடாமல் இருந்தது என்று தெரிந்ததைப்போல.

"எத்தன நாளாத் தெரியும்?"

"படம் வந்ததுல இருந்து. இருட்டானா கோடு வரும்னு விதி எழுதினப்ப நீதான சொன்ன." சப்பாத்தியைப் பிய்த்தவன் அதை வாயில் வைக்கவில்லை. "மொத நாள் பாத்ததும் ஜீப்ப எடுத்துட்டேன் அம்மிணி. குடிமங்கலம் வரைக்கும் வந்துட்டேன். அங்க நம்ம மரத்தப் பாத்ததும் வண்டிய நிறுத்தினேன். ஊருக்கே இருட்டுப் படம் வரையறவ, அவளுக்கு வரையத் தெரியாதா? வரையலன்னா வேண்டாம்னுதான வரையல. வண்டியத் திருப்பிட்டேன்."

"அப்பறம்?"

"அப்பறம் சும்மா இருக்கவும் முடியல. காரணம் கேட்டா நீ எதாச்சும் சொல்லியாகோணும். அதான் போன் பண்ணி, சட்டைல வாழக்கறை பட்டா எப்படிப் போகும்னு கேட்டேன்."

"போகாதுன்னு சொன்னேன்."

"சட்டைல கறையே இல்ல."

பூங்கோதை நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு வருடத்துக் கேள்விகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. வெங்காயத்தைக் குளிர்பெட்டியில் வைக்கலாமா. வேட்டிக்குக் கஞ்சி எவ்வளவு. உன் சித்தி மகளுக்கு எந்த மாதம் கல்யாணம். ரசத்தில் புளிப்பு கூடினால் என்ன செய்வது. ஒன்றுகூட வெளிச்சமான நாளில் வந்ததாக அவளுக்கு நினைவில்லை. இந்த மனிதனின் அறியாமையை ரெஹானாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். மனைவியிடம் எதையும் கேட்கக் கூச்சப்படாத நல்ல மனிதன் என்று தனக்குள் பெருமைப்பட்டும் இருக்கிறாள்.

"பட்டாணி?"

"வாங்கவே இல்ல."

"மயிலு?"

"மயிலு நெசம்." அவன் கொஞ்சம் கோபித்துக்கொண்டான். "அதுலயெல்லாம் பொய் சொல்வனா? வேணும்னா அவங்கள்ட்டக் கேளு."

அவளுக்கு, தான் ஒரு வருடமாக ஒளிந்துகொண்டிருந்த இடத்துக்கு வெளியே ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, உள்ளே யாரும் இல்லாததுபோல வேறு எதையோ பேசிக்கொண்டிருந்திருக்கிறான் என்று மட்டும் புரிந்தது.

"சங்கடமா இருந்தாச் சொல்லு," என்றான் மயில்சாமி மெல்ல. "பின்னால பழனி மலையப் போட்டுக்கறேன். கோடு தெரியாது."

கொடுக்காப்புளியை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விரல் நகத்தளவுப் படம். அதைச் சுற்றி முடியளவு கோடு. நூற்று நாற்பது காற்றாலைகளுக்கு நடுவே இதைத் தேடிப் பார்க்க ஒருவன் தன் திரையையே காலி செய்து வைத்திருக்கிறான்.

"இருக்கட்டுங்க. நீங்க சாப்பிடுங்க," என்றாள்.

திங்கட்கிழமை காலை ரெஹானா வந்தபோது பூங்கோதை வேறு யாருடைய படத்துக்கோ இணை வரைந்துகொண்டிருந்தாள். திரை வெளிச்சமும் இருட்டும் இல்லாத ஒரு நிறத்தில் இருந்தது.

"அக்கா, அனுப்பிட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு வெளிய போகுது. நீங்க ஒரு தட்டு தட்டினா முடிஞ்சுது."

"அந்தக் கோட்டைப் பத்தி வந்த புகாரக் காட்டேன்."

"நாப்பது இருக்கு. எல்லாம் ஒரே மாதிரிதான்." ரெஹானா பட்டியலைத் திறந்து கடைசியாக வந்ததைப் படித்தாள். "'என் மகளின் யானையைச் சுற்றி நேற்று முன்தினம் ஒரு கோடு வந்தது. அது என்ன கோடு?' ஈரோடு. பாருங்க, கீறல்னு நெனச்சிட்டாரு பாவம்."

"கீழ இன்னொரு வரி இருக்கு."

ரெஹானா பட்டியலை மேலே தள்ளினாள். "'அழிக்க வேண்டாம். என்னவென்று தெரிந்தால் போதும். மகளிடம் கேட்கப் பிடிக்கவில்லை.'" படித்துவிட்டு அவள் நிமிர்ந்தாள். "இதென்னக்கா, இப்படி எழுதியிருக்காரு?"

"அவருக்கு நான் பதில் போடறேன்."

"போடுங்க. இப்ப இத முடிங்க."

திரையின் நடுவே சின்னப் பெட்டி ஒன்று நின்றது. விதியின் எண், எழுதியவர் பெயர், தேதி. ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி. அடியில் இரண்டு சொற்கள்: சரி, வேண்டாம்.

அவள் விரல் 'வேண்டாம்' என்பதன் மேல் போய் நின்றது. தட்டினாள். அவசரமில்லாமல், பாத்திரத்தை மேடையில் வைப்பதுபோல.

"அக்கா! என்னக்கா பண்ணீங்க?" ரெஹானா பதறிவிட்டாள். "இன்னும் பதினோராயிரம் பேரோட படத்துக்கு இணை இல்ல. இது எடுக்கலன்னா அதுக்கு மெஷின் இணை போட முடியாது. வெளியீடே நின்னுடும். மேல உங்களத்தான் கூப்பிடுவாங்க."

"வேணுங்கறவங்களுக்கு ராப்பகலா உக்காந்து நானே வரைஞ்சு தரேன் ரெஹானா. கேக்காதவங்களுக்கு வேண்டாம்."

"உங்க கொடுக்காப்புளிக்காவது?"

"அதுக்கும் வேண்டாம்."

ரெஹானா அவளையே பார்த்தாள். எதையோ கேட்க வாயெடுத்தவள், மாமியாரின் போனை நினைத்துக்கொண்டாளோ என்னவோ, கேட்கவில்லை. பெட்டியில் புதிதாகத் திறந்திருந்த வெள்ளைக் கட்டத்தை மட்டும் சுட்டிக் காட்டினாள்.

"சரி. காரணம்னு ஒரு கட்டம் கேக்குது. அதுல என்ன போடட்டும்?"

"ஒண்ணும் போடாத," என்றாள் பூங்கோதை. "காலியா விடு."